எனக்கு ஒரு மறைப்பு வேணும்மா!

"கையில் மூவாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, அதற்குள் குழந்தைகளுக்கு ஓர் அறையைச் சரிசெய்து கொடுக்க முடியுமா?" என்று போன கோடை விடுமுறைக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். எங்களுக்கு மதுரையில் வாடகை வீடு, மாடிப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, அதை ஒட்டிப் பத்தடிக்கு எட்டடியில் ஒரு ஸ்டோர் ரூம். மாமியாரின் பித்தளை அண்டா முதல் கால் ஒடிந்த நாற்காலி வரை அந்த ஸ்டோர் ரூமில் சுகமாகக் குடியிருந்தன. பதினோரு வயது மகளும் ஆறு வயது மகனும் மட்டும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள்!

ஸ்டோர் ரூமைக் காலி செய்யலாம் என்றதும் மாமியார், "நாங்க ஒம்பது பேரு ஒரே கூடத்துல வளர்ந்தோம். புள்ளைகளுக்குத் தனி ரூமு எதுக்கும்மா?" என்றார். அவரும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "செலவு இழுத்துடாதே" என்றார்.

எனக்கோ ஒரே உற்சாகம். முதல் நாளே கடைவீதிக்குப் போய் நானூறு ரூபாய்க்குப் பொம்மை ஸ்டிக்கர்கள் வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினேன். நான்கே நாளில் எல்லாம் உரிந்து தரையில் கிடந்தன. காரணம், சுவரில் ஈரம். மாடியில் மழைநீர் இறங்கும் குழாயைச் சருகு அடைத்திருந்ததால், பெய்த கோடைமழையெல்லாம் மேலே தேங்கிச் சுவரில் இறங்கியிருந்தது. மூலையில் பூசணம் வேறு. அப்படிப்பட்ட அறையில் குழந்தைகளைப் படுக்க வைத்தால் மூக்கடைப்பும் இருமலும் வரும். மூச்சிரைப்பு உள்ள குழந்தையாக இருந்தால் சொல்லவே வேண்டாம். குழாயைச் சுத்தம் செய்து, ஜன்னலைத் திறந்து போட்டுச் சுவர் காயப் பத்து நாள் காத்திருந்தோம்.

அந்த நாட்களில் ஒரு மாலை, உரிந்த ஸ்டிக்கர்களைப் பொறுக்கிக்கொண்டே மகளிடம், "உனக்கு என்ன படம் ஒட்டணும், சொல்லு" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பொம்மையெல்லாம் தம்பிக்கு ஒட்டும்மா. எனக்கு ஒரு மறைப்பு வேணும்" என்றாள்.

"மறைப்பா? எதுக்குடி?"

"டிரஸ் மாத்த."

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்காக அவள் குளியலறையிலேயே உடை மாற்றிக்கொண்டு, யூனிஃபார்ம் பேன்ட்டின் நுனி நனைந்து வெளியே வருவாள். "பார்த்துப் போடக் கூடாதா?" என்று தினமும் திட்டியவள் நான்தான். ஏன் நனைகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் காதிலும் இது விழுந்திருக்கிறது. எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நைந்துபோன இரண்டு சுங்குடிச் சேலைகளைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "நானும் குதிருக்குப் பின்னாடி நின்னுதான் சேலை மாத்தினேன்" என்றார். அதற்கு மேல் தனி ரூமைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சேலைகளைப் பாதிப் பாதியாக வெட்டி மடித்துத் தைத்தேன். அறையின் குறுக்கே கம்பி கட்டி நான்கு துண்டுகளையும் தொங்கவிட்டதும், ஓர் அறை இரண்டாயிற்று.

சுவருக்குச் சுண்ணாம்புதான். ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த சுவர் என்பதால் நன்றாகப் பிடித்தது; எண்ணெய்ப் பெயின்ட் மேல் பிடிக்காது. மகள் கேட்ட வான நிறத்துக்குத் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தேன். கையில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் பசையும் சேர்த்தேன். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளை அண்ட விடாதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

ஜன்னலின் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாமல், குழந்தைகளைக் கீழ்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்துச் சுரண்டினோம். செதில்களைப் பேப்பரில் வாரிக் கட்டிவிட்டு, தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன்.

இதோ கணக்கு: சுண்ணாம்பு, நீலம், பிரஷ் 450 ரூபாய், கம்பியும் கொக்கியும் 200, ஜன்னலுக்குக் கொசுவலை 500 (டெங்கு கொசு பகலில் கடிக்கும் என்பதால் இதில் மிச்சம் பிடிக்கவில்லை), எல்.இ.டி. பல்பு 120, புத்தகப் பலகையும் தச்சர் கூலியும் 900, கோரைப்பாய் இரண்டு 600. ஆக 2,770 ரூபாய். ஸ்டிக்கரில் தொலைத்த நானூறைச் சேர்த்தால்தான் பட்ஜெட் இடிக்கிறது! பலகையைப் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே அடிக்க வேண்டாமென்று தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து மகன் பக்கம் வைத்தோம். இப்போது அதில் அவன் விளையாட்டுச் சாமான்கள். மாமியாருக்கு அதில் தனிப் பெருமை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் நாள் காலை, திரையை விலக்கிக்கொண்டு மகள் வந்து நின்றாள். என் கண் நேராகப் பேன்ட் நுனிக்குத்தான் போயிற்று. நனையவில்லை.

சகோதரிகளே, குழந்தைகள் அறையை அலங்கரிக்கப் பணம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கடைக்குக் கிளம்பும் முன், "உனக்கு என்ன வேணும்?" என்று மட்டும் குழந்தையை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போனதற்கு நானூறு ரூபாய் தண்டம். மாதக்கணக்காக அவள் வாங்கிய திட்டுக்குத்தான் கணக்கே இல்லை.