அழித்தெழுத ஒரு சாளரம்

1976ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 8048 என்னும் நுண்கட்டுப்படுத்தியை வெளியிட்டது. கணக்கிடும் பகுதி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு இணைப்புகள் யாவும் ஒரே சில்லில் அடங்கின. நிரலுக்கு 1024 பைட்டுகள். தற்காலிகத் தரவுகளுக்கோ வெறும் 64. இன்று ஒரு குறுஞ்செய்திக்கே போதாத இடம் அது! எனினும், 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் விசைப்பலகையில் அதுவே அமர்ந்து பணிசெய்தது.

8048இன் நிரல் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது. அதில் ஒரு பிழை புகுந்துவிட்டால் திருத்த வழியில்லை. வார்த்தெடுத்த சில்லுகள் அத்தனையும் வீண். அதன் உடன்பிறப்பான 8748 இவ்வச்சத்தைப் போக்கியது. அதன் முதுகில் ஒரு சிறு படிகச் சாளரம் இருந்தது. அதன்வழிப் புறஊதாக் கதிரைச் சிறிது நேரம் பாய்ச்சினால் பழைய நிரல் அழிந்துவிடும். பொறியாளர்கள் அதில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிப் பார்த்து, பிழை நீங்கியதெனத் தெளிந்த பின்னரே 8048க்கு ஆணை வழங்கலாயினர். நிரல் எழுதி முடித்ததும் சாளரத்தின்மேல் சிறு தாளொன்றை ஒட்டி மூடுவர். வெயிலும் அந்நிரலை மெல்ல அழிக்கவல்லதன்றோ?