தொட்டுக் கண்டவை

எங்கள் பெரியப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் மிகுந்து, 55 வயதிற்குள் பார்வை முழுவதும் போயிற்று. அதற்கு முன்னர் கோயில் கோயிலாகச் சென்று சிற்பம் பார்த்தவர். ஆகவே ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பொருட்காட்சிசாலைகளுக்கு அழைத்துச் சென்று, கண்டதை வாயால் விவரிப்பது எங்கள் வழக்கமாயிற்று. ஒருமுறை ஓரூரில் கல் நந்தியின் முதுகில் அவர் கை வைத்தார்; காவலர் அதட்டினார். காவலரைக் குறைகூற இயலாது. கைவியர்வையின் உப்பு செம்பை அரிக்கும்; எண்ணெய்ப் பசை கல்லிலும் கறையேற்றும். ஆயினும் பெரியப்பா அன்று தெருவுக்கு வரும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். இனி இத்தகைய இடங்கள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

2017-ஆம் ஆண்டில் அவரும் பெரியம்மாவும் டில்லிக்கு வந்து எங்களுடன் தங்கினார்கள். இங்குள்ள தேசியப் பொருட்காட்சிசாலையில், பார்வையற்றோர் தடவி உணர்வதற்கென்றே 2015-இல் ‘அனுபவ்’ என்னும் கூடம் அமைத்திருந்தார்கள். மூலப் பொருள்களைப் போலவே செய்த 22 பிரதிகள், பிரெயில் குறிப்புகள், காதால் கேட்கும் விளக்கம் எல்லாம் அங்கு உண்டு. அரைமனத்துடன் வந்த பெரியப்பாவை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாயிற்று. முதலில் உள்ளங்கையால் உருவத்தின் எல்லையை அளந்தார். பிறகே விரல்நுனிகள் வேலையைத் தொடங்கின. கண் முழுமையை முதலில் பற்றிக்கொண்டு பின்னர் பகுதிகளுக்குச் செல்கிறது. விரலோ பகுதி பகுதியாகச் சேர்த்து முழுமையைக் கட்டவேண்டியிருக்கிறது. அதற்குப் பொழுது வேண்டும். அருகில் நிற்பவர்க்குப் பொறுமையும் வேண்டும். எங்களிடம் அது சற்றுக் குறைவுதான்.

(எங்கு சென்றாலும் ‘தொடாதே’ என்பதையே கேட்டுச் சலித்த பார்வையற்ற தம்பதியர் இருவரின் முயற்சியால், இத்தாலியின் அங்கோனா நகரில் 1993-இல் ஒமேரோ என்னும் தொட்டுணரும் பொருட்காட்சிசாலையே தோன்றியது. 1999-இல் அந்நாட்டு அரசு அதனை ஏற்றுக்கொண்டது.)

பெரியம்மாவுக்கு மங்கிய பார்வை. கண்ணாடிப் பேழையில் விளக்கொளி பட்டுக் கூசினாலும், குறிப்பட்டையின் எழுத்து சிறுத்திருந்தாலும் எந்த ஊரிலும் அவர் பாடு திண்டாட்டமே. விளக்கைச் சற்றுத் திருப்பி வைக்கவும் எழுத்தைப் பெரிதாக்கவும் அப்படியென்ன செலவாகிவிடும்?

திரும்பும்போது விற்பனைக் கூடத்தில் மொகஞ்சதாரோ நடனமாதின் உலோகப் பிரதி ஒன்றை வாங்கினோம். 1926-இல் அகழ்ந்தெடுத்த மூலச் சிலை 10.5 சென்டிமீட்டர் உயரமே. அன்று காலையில்தான் அதன் பேழைமுன் நின்று அவருக்கு விரிவாக வருணித்திருந்தோம். வீட்டில் அவர் அதனை வெகுநேரம் தடவினார். “இவள் ஆடவில்லையே அம்மா! இடுப்பில் கைவைத்து, யாரோ சொன்னதை நம்பாமல் நிற்கிறாள்” என்றார். விரல் கீழிறங்கி, சட்டென்று நின்றது. “பாதம் எங்கே?”

பாதங்கள் உடைந்து போனவை. இடக்கை முழுதும் அடுக்கிய வளையல்களைச் சொல்லியிருந்தோம், கொண்டையைச் சொல்லியிருந்தோம், பாதமில்லாததைச் சொல்லவில்லை. அவர் வருந்துவார் என்று மறைத்தோமா, நாங்களே பார்க்கவில்லையா என்பது இன்றும் எங்களுக்கு விளங்கவில்லை.

“இத்தனை ஆண்டுகளாக இப்படி எத்தனையை விட்டுவிட்டீர்களோ!” என்று அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மீண்டும் அக்கூடத்திற்குப் போகவேண்டும் என்றார். போனோம். இம்முறை நாங்கள் வாய் திறக்கவில்லை.