கான் கரையில் குடியிருக்கும் தேனீ

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நமுனுகுல மலையைப் பார்த்தபடி தோட்டத்துக்குள் ஏறினேன். ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கிறது. ஊவாத் தேயிலைக்கு மணமும் விலையும் சேரும் காலம் இது.

வெயில் ஏறி கான் கரையில் விழுந்த பிறகுதான் நான் தேடிவந்தவை கண்ணில் பட்டன. மழைநீர் வடிய மலைக்குக் குறுக்கே வெட்டிய கானின் செம்மண் சுவரில், பென்சில் நுழையும் அளவில் துளைகள். ஒன்றுக்குள் நீலப் பட்டை போட்ட வயிற்றோடு ஒரு தேனீ நுழைந்தது. கால்களில் மஞ்சள் மகரந்தம். நீலப்பட்டைத் தேனீ, அமெஜில்லா பேரினம்.

கொழுந்துக் கூடையோடு நின்ற அக்கா இரண்டடி தள்ளியே நின்றார். மலையகத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்குப் போன செய்தி வராத மாதம் அரிது. ஆனால் துளையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "இது ஒன்னும் பண்ணாது தம்பி. கூட்டமா வர்றதுதான் கொட்டும். இது தனியாத்தானே திரியுது."

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. இங்கே குளவி என்று பலரும் சொல்லும், பெருங்கூடு கட்டும் மலைத்தேனீக்குக் காக்க வேண்டிய தேனும் புழுக்களும் ஏராளம். அதனால்தான் திரண்டு வந்து கொட்டுகிறது. தனித்தேனீக்கு ராணியும் இல்லை, வேலைக்காரிகளும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே மண்ணைத் தோண்டி, ஈரம் புகாதபடி அறைக்குப் பூச்சுப் பூசி, மகரந்தமும் தேனும் சேர்த்து, அறைக்கு ஒரு முட்டை இட்டு, வாயை மண்ணால் அடைத்துவிடும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. அந்தி சாய்ந்ததும் புல் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும்.

உலகில் அறியப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை இப்படித் தனித்து வாழ்பவை; அவற்றில் பலவற்றுக்கு மண்தான் வீடு. இலங்கையில் பதிவான சுமார் 150 இனங்களில் தேன் தரும் தேனீக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த மதிப்பீட்டின் வழியே 2012-ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியலில் தேனீக்களும் இடம்பெற்றன. அழியும் ஆபத்தில் உள்ளவை யானையும் சிறுத்தையும் மட்டும் அல்ல என்று அரசு ஏடே சொல்லிவிட்டது.

கானைத் தாண்டி மேலே ஏறினால் இரண்டு விதமான மலை. ஒரு பக்கம் வீபி தேயிலை: தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு வளர்த்தது, ஒரே உயரம், ஒரே பச்சை. மறுபக்கம் பழைய விதைத் தேயிலை, செடிக்குச் செடி இலை வேறு. தேயிலைப் பூ தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய்க்காது. வேறொரு செடியின் மகரந்தத்தைப் பூச்சிதான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வீபி இனங்களைப் பரப்புவதற்கு முன், இந்த மலைகளில் நட்ட ஒவ்வொரு விதைக்கும் பின்னால் ஏதோ ஒரு பூச்சியின் வேலை இருந்தது. இன்று கொழுந்தெடுப்பும் கவ்வாத்தும் செடியை அதிகம் பூக்கவிடுவதில்லை. தேனீயின் கணக்கில் இத்தனை பச்சையும் வெறும் பொட்டல்.

அப்படியானால் கான் கரைத் தேனீக்கு எங்கிருந்து சாப்பாடு? அக்கா செடிகளுக்கு இடையே காட்டினார்: தொட்டாச்சிணுங்கி, புளியாரை, பாதையோரத்தில் காட்டுச் சூரியகாந்தி. தோட்டத்தின் கணக்கில் எல்லாம் களை. அடுத்த மலையில் மருந்து அடித்திருந்தார்கள். அங்கே புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. கான் கரையில் துளைகள் இருந்தன, அவற்றில் சிலந்தி வலை. கிளைபொசேட் என்ற களைக்கொல்லியை 2015-இல் அரசு தடைசெய்தது. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. 2022-இல் தடையை முழுவதும் நீக்கியது. களைக்கொல்லி தேனீயின் மேல் படவே வேண்டாம். பூ கருகினால் போதும். சிறிய தனித்தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போவதில்லை.

இறங்கும்போது லயத்துக்குக் கீழே அக்காவின் காய்கறித் தோட்டத்தில் நின்றோம். தக்காளிப் பூவைக் கவ்விக்கொண்டு ஒரு நீலப்பட்டைத் தேனீ உடலை அதிரவைத்தது. 'ர்ர்ர்' என்ற சத்தம் கேட்டது. தக்காளி, கத்தரிப் பூக்கள் மகரந்தத்தைக் குழல்போன்ற பைக்குள் வைத்திருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. "அதுக்குத்தானா இந்தச் சத்தம்? நான் வண்டு பூவைத் தின்னுதுன்னு விரட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

இதற்காகத் தோட்டத்தைக் காடாக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கான மண்ணைக் கான் வெட்டிய கைகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. கான் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மருந்தை நிறுத்தி, அங்கே முளைப்பதைப் பூத்து முடிந்தபின் கத்தியால் வெட்டினால் போதும். இதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை. எந்த வரிசையில் தெளிப்பது, எதை விடுவது என்று வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் சொல்லும் கணக்கோடு இந்த ஒரு வரியும் சேர வேண்டும்.