மூளைக்கும் கொஞ்சம் விளையாட்டு வேண்டாமா?

அடுப்பங்கரையில் நிற்கிறவளுக்கு மூளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒரு அடுப்பில் பால், இன்னொன்றில் குழம்பு, குக்கரில் எத்தனை விசில் என்ற கணக்கு, நடுவில் "அம்மா, என் இன்னொரு சாக்ஸ் எங்கே?" என்ற குரலுக்குப் பதில்! ஒரே சமயத்தில் பல பேர் கேட்பதற்கெல்லாம் மேடையில் பதில் சொல்லும் கலைக்கு நம்மவர்கள் அவதானம் என்று பெயர் வைத்தார்கள். 1907-ம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானம் செய்து காட்டி, 'சதாவதானி' என்று புகழ் பெற்றவர் செய்குத்தம்பிப் பாவலர். தினமும் காலை ஏழரை மணிக்கு நாமும் ஓர் அஷ்டாவதானமாவது செய்துகொண்டுதான் இருக்கிறோம். கைதட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்!

ஆனால், எனக்கு மூளையைப் பற்றி அக்கறை வந்த காரணம் வேடிக்கையானது அல்ல. என் அம்மா ஒரு நடமாடும் பஞ்சாங்கம். யாருக்கு என்ன நட்சத்திரம், எந்தக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், எல்லாம் விரல் நுனியில். எழுபத்திரண்டு வயதில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தாள். பிறகு, ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் நாலு தடவை கேட்டாள். மறதி நோய் என்றார் டாக்டர். கடைசி இரண்டு வருஷம் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். அவள் போன பிறகு ஒருநாள் என் பெண் கேட்டாள்: "பாட்டிக்கு வந்தது உனக்கும் வருமாம்மா? அப்புறம் எனக்கும்?"

எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. சாவியைத் தேடும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு கலக்கம். டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "பெற்றவர்களுக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வந்தே தீரும் என்றில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகின தெருவில் வழி தெரியாமல் நிற்பது, இதெல்லாம் இருந்தால் உடனே வாருங்கள்" என்றார்.

சரி, பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பானேன்? அந்த மூளை எப்படித்தான் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோமே என்று தோன்றிற்று. என் பெண்ணையும் பேரன் பேத்தியையும் சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மூளை விளையாட்டு!

முதலில் சில கணக்குகள். நம் மூளை சுமார் ஒன்றேகால், ஒன்றரை கிலோவுக்குள். உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கை அது ஒன்றே சாப்பிட்டுவிடுகிறது. உள்ளே சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம் என்று சொல்வார்களே, அது சுத்தப் பொய். தூங்கும்போதுகூட அது முழுதாக ஓய்வெடுப்பதில்லை. பகலில் கற்றதை அடுக்கி வைப்பதே அந்த நேரத்தில்தான். பரீட்சைக்கு முதல் நாள் குழந்தையைத் தூங்கவிடாமல் படிக்கச் சொல்லாதீர்கள்.

காணாமல் போகும் பொட்டு

ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேராக எட்டு சென்டிமீட்டர் தள்ளி, வலது பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியையே பாருங்கள். தாளை மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் ஓர் அடி தூரத்தில் பொட்டு மாயமாய் மறைந்துபோகும்! கண்ணிலிருந்து மூளைக்கு நரம்பு புறப்படுகிற இடத்தில் பார்வை கிடையாது. அந்த ஓட்டையை வெள்ளைத் தாளாகவே மூளை நிரப்பிவிடுகிறது. "அப்போ நாம பாக்கறதெல்லாம் நிஜம் இல்லையா பாட்டி?" என்று பேரன் கேட்டானே பார்க்கலாம்!

பச்சை நிறத்தில் சிவப்பு

வண்ணப் பென்சில்களை எடுத்து, 'சிவப்பு' என்ற வார்த்தையைப் பச்சையிலும், 'நீலம்' என்பதை மஞ்சளிலும், இப்படி இருபது வார்த்தை எழுதுங்கள். எழுத்தைப் படிக்கக் கூடாது. நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். நாக்குத் தடுமாறும். 1935-ல் அமெரிக்காவில் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் எழுதிக் காட்டிய சோதனை இது. படிப்பது நமக்கு அவ்வளவு பழகிவிட்டதால், வேண்டாம் என்றாலும் மூளை படித்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஜெயித்தது யார் தெரியுமா? இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத நாலு வயதுப் பேத்தி! கல்லூரிப் படிப்புப் படித்த மாப்பிள்ளைதான் கடைசி.

தாளிதம் ஒரு முடிச்சு

ஒரு தட்டில் பதினைந்து சாமான்களை வைத்து, ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் துணியால் மூடுங்கள். எத்தனை நினைவிருக்கிறது? ஒரே பார்வையில் மனசு பிடிப்பது ஏறக்குறைய ஏழுதான் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற மனநூல் அறிஞர் எழுதினார். ஆனால், தனித்தனியாய் இருப்பதை முடிச்சாகக் கட்டிவிட்டால் எவ்வளவோ பிடிக்கும். நமக்கா கட்டத் தெரியாது? கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஐந்தாக வைக்காமல் 'தாளிதம்' என்று ஒன்றாக வையுங்கள். இப்போது நான் மளிகைச் சாமான் பட்டியலை இப்படித்தான் மனசில் கொண்டுபோகிறேன். திரும்பி வந்துதான் சீட்டைப் பார்த்துச் சரி பார்ப்பேன்.

பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கும் இதே வழிதான். பாடத்தைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே மனசில் தங்கும். "இன்னிக்கு என்ன பாடம்? நீ டீச்சர், நான் பிள்ளை" என்று உட்கார்ந்து பாருங்கள். மிரட்டாமலே படிப்பு வரும்.

கண்ணாடி பார்த்து ஒரு நட்சத்திரம்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் வரையுங்கள். கை நேராகத் தெரியாமல் ஒரு புத்தகத்தால் மறைத்துக்கொண்டு, எதிரே உள்ள கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டுங்கள். முதலில் கை கோணல்மாணலாய் ஓடும். நாலு நாளில் பழகிவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய். 1953-ல் அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரண்டு பக்கத்திலும் கடல் குதிரை மாதிரி இருக்கும் ஒரு பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் புதிதாக எதுவும் அவருக்கு நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் இந்த நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அழகாக வரைந்தார் மோலைசன். ஆனால், முன்பு வரைந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை! மனசின் நினைவு வேறு, கையின் நினைவு வேறு என்று அப்போது தெளிவாயிற்று.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பெயரே தெரியாமல் போன காலத்திலும், அம்மாவின் கையில் கோலமாவைக் கொடுத்தால் புள்ளி பிசகாது. "எல்லாம் மறந்தவளுக்கு இது மட்டும் எப்படி?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்பாள். அந்த நோய் முதலில் தாக்கும் இடங்களில் அந்தக் கடல் குதிரையும் ஒன்று. கை கற்றது வேறு அறையில் பத்திரமாய் இருந்திருக்கிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கீரை ஆய்வதோ பூத்தொடுப்பதோ, கைக்குப் பழகிய வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

விளையாட்டு மட்டும் போதுமா?

போதாது, சகோதரிகளே. பல்லாங்குழியும் குறுக்கெழுத்தும் மறதி நோய்க்குத் தாயத்து அல்ல. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, நடமாட்டக் குறைவு, தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. அவற்றை முழுதும் நீக்க முடிந்தால், நூற்றுக்கு 45 பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறார்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் மறதி வரும். அதற்கு மருந்து உண்டு. அதனால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

என் பெண்ணிடம், "வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியாது. அதைத் தள்ளிப்போட என்னால் ஆனதைச் செய்கிறேன். நீயும் செய்" என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம்.

இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் டி.வி.யை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் எடுங்கள். மாமியாரையும் மாமனாரையும் கூப்பிடுங்கள். காது கேட்கவில்லை என்று மூலையில் ஒதுங்கியிருந்தால், இந்த வாரமே காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆட்டத்தில் தோற்றால் தோற்கட்டும். ஆட்டத்துக்கு வெளியே மட்டும் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.