சினை வாளை

பல்லேகலவில் எம் தெருவுக்குச் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி வரும் முதியவர் ஒருவர், சென்ற கார்த்திகை மாதத்தில் எம் வாசலில் மணியடித்தார். பெட்டிக்குள் கடல்மீன் இல்லை. மகியங்கனைப் பக்கத்து மகாவலியில் பிடித்த வாளை ஒன்று பனிக்கட்டியின்மீது கிடந்தது. செதிலற்ற வெள்ளியுடல், கண்ணையும் தாண்டிப் பிளந்த வாய், மீசைபோல் நீண்ட இழைகள். சிங்கள மக்கள் இதனை ‘வலயா’ என்பர்.

“சினை மீன், மாஸ்டர். ருசி தனி” என்றார். வாங்கிவிட்டோம்.

அடுக்களையில் அதனை வகிர்ந்தபோது இரு கைகளும் நிறைய முட்டை. பிள்ளைகள் வியந்தனர். எமக்கோ நாணமே உண்டாயிற்று. வகுப்பில் மீன்களின் வளர்ச்சியைக் கரும்பலகையில் வளைகோடாக வரைந்து காட்டுகிறவர்கள் நாம் அன்றோ! (குழம்பு நன்றாகவே இருந்தது, அதை மறைப்பானேன்?)

மீனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை. ஆகவே, கரைக்கு வரும் மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளந்து வயதைக் கணிக்கின்றனர். இளமையில் விரைந்தும், பின்னர் மெல்ல மெல்லவும் உடல் வளரும் என்பதை பெர்ட்டலன்பி என்ற ஒஸ்திரிய அறிஞர் 1938இல் சமன்பாடாக்கினார். அதன் துணைகொண்டு, ஆண்டுதோறும் சாகும் மீன்களுள் நோயும் பகையும் கொண்டுபோனவை எத்தனை, வலை கொண்டுபோனவை எத்தனை என்று பிரித்துவிடலாம். மொத்தச் சாவில் வலையின் பங்கு பாதியைத் தாண்டலாகாது என்றார் கலண்ட் என்பவர், 1971இல். அப்பாதியும் மிகை என்போர் பின்னர் வந்தனர்.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த மீன், எப்பொழுது என்பதே பெரிது. வாளை மழைக்காலப் பெருக்கில் முட்டையிடுவது. அவ்வேளையில் பிடிபடும் ஒரு தாய், ஒரு மீன் அன்று.

நம் நாட்டில் 1952இல் ஆபிரிக்காவின் திலாப்பியா புகுத்தப்பட்டது. குளத்து மீன்பிடி வளர்ந்தது அதனாலேதான். 1990இல் சமயம் சார்ந்த வற்புறுத்தலால் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கிற்று. கொல்லாமையை நாமும் போற்றுகிறோம். ஆனால் அந்நான்கு ஆண்டுகளில் காவல் குறைந்தது. சிறுகண் வலைகள் பெருகின. இப்பொழுது நீர்த்தேக்கங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த வலைக்கண் கூடாது என்பது விதி. அது திலாப்பியாவை எண்ணி வகுத்த அளவு. ஒரு மீற்றருக்கு மேலும் வளரும் வாளைக்கு அவ்வளவே இளமையிலேயே தூக்குக் கயிறாகலாம். போதாதற்கு, எம் ஊர்ப் பக்கத்து விக்டோரியா அணை 1985 முதல் 122 மீற்றர் உயரத்தில் ஆற்றை மறித்து நிற்கிறது. அதை எந்த மீன் தாண்டும்? உலகச் சிவப்புப் பட்டியலிலும் வாளை இடம்பெற்றுவிட்டது.

அடுத்த வாரம் முதியவர் வந்தபோது, “மழை ஓயும் வரை வாளை வேண்டாம், ஐயா” என்றோம்.

அவர் சிரித்தார். “மழை ஓய்ந்தால் அது மடுவுக்குள் இறங்கிவிடும், மாஸ்டர். வலைக்கு வராது.”

“வராவிட்டால் திலாப்பியா கொண்டு வாருங்கள்” என்றோம். அன்று அரைக் கிலோ எடுத்துக்கொண்டோம். முள் சற்று அதிகம் என்று வீட்டில் முறையிட்டார்கள்.