இரண்டு கமெராக்களும் ஒரு மீசையும்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் என் தந்தையாரின் படம் ஒன்று தொங்குகின்றது. அதிலே அவருக்கு மீசை உண்டு. வாழ்நாளில் ஒருபோதும் அவர் மீசை வைத்திருந்தவரல்லர்.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலிற் கூறிவிடுகிறேன். 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது நாங்களும் புறப்பட்டோம். அரிசி வந்தது, பாய் வந்தது, தண்ணீர்ச் செம்பு வந்தது. அம்மாவினதும் அப்பாவினதும் கலியாணப் படம் மட்டும் சுவரிலேயே இருந்துவிட்டது. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் அப்பா நினைத்தார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது சுவர் இருந்தது; கூரை இல்லை; படமும் இல்லை. அதன்பின் படம் எடுத்துக்கொள்ளும் வசதியோ மனமோ எங்களுக்கு இருக்கவில்லை. 1998 இல் அப்பா காலமானபோது அவருடைய உருவமென்று எஞ்சியிருந்தது, தேசிய அடையாள அட்டைக்காக எடுத்த முத்திரையளவுப் படம் ஒன்றே. அதனை ஒரு ஸ்ரூடியோவிற் கொடுத்துப் பெருப்பித்தோம். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் கரைந்து புள்ளிகளாயிற்று. மேலுதட்டின் மேற் கிடந்த நிழலை மீசையென்று கொண்ட படவரைஞர், தூரிகையை எடுத்து அதனை மீசையாகவே தீட்டி முடித்துவிட்டார். அவரை நோவதற்கில்லை. படத்தில் இல்லாததை நாங்கள் கேட்டோம். அவர் தம் கைச்சரக்கிலிருந்து கொடுத்தார்.

கமெராவைப் பற்றி எழுத வந்தவன் மீசையைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். இரண்டும் ஒரே கதைதான் என்பது எனக்கே சென்ற தை மாதத்திற்றான் விளங்கிற்று.

எங்கள் வீட்டில் முன்னரே ஒரு கமெரா இருந்தது. என் மகள் பறவைப் பித்துக் கொண்டவள். அவளுக்காகப் பழையதொன்றைக் கொழும்பில் வாங்கிக் கொடுத்திருந்தேன். 2018 இல் வெளிவந்த கனன் பவர்சொட் எஸ்எக்ஸ் 740 என்பது அது. சட்டைப்பையில் அடங்கும், நிறை 299 கிராம். ஆயினும் அதன் மூக்கு நீளும்போது பார்க்க வேண்டும்! 40 மடங்கு சூம். அகலக் காட்சியில் 24 மில்லிமீற்றர் வில்லை காட்டுவதையும், நீட்டினால் 960 மில்லிமீற்றர் வில்லை காட்டுவதையும் அது ஒன்றே காட்டும். மூக்கு நீண்ட கோலத்தை முதன்முறை கண்ட அம்மா, "உதென்ன பிள்ளை, துவக்கே?" என்று கேட்டார். அன்று முதல் அதற்குத் துவக்கு என்றே பெயர்.

பொங்கலுக்கு றொறன்ரோவிலிருந்து வந்த தம்பி மற்றதைக் கொண்டுவந்தான். அது கனன் ஆர் 100. 2023 இல் வந்த தொடக்கநிலை மிரர்லெஸ் கமெரா. ஆடியில்லாக் கமெரா என்று சொல்லலாம். பழைய தொழில்முறைக் கமெராக்களில் வில்லைக்குப் பின்னால் ஓர் ஆடி சாய்வாக நின்று காட்சியை மேலே அனுப்பும். படமெடுக்கும் கணத்தில் அது துள்ளி எழுந்து வழிவிடும். 2008 இல் பனசொனிக் நிறுவனம் ஜி 1 என்னும் கமெராவை வெளியிட்டது முதல் அந்த ஆடி மெல்ல மெல்ல விடைபெறலாயிற்று. இப்பொழுது காட்சி நேரே உணரியில் விழுகின்றது. அதனைச் சிறு மின்திரை ஒன்று கண்ணுக்குக் காட்டுகின்றது. வில்லையைக் கழற்றி வேறு வில்லை பூட்டலாம். தம்பி இரண்டு வில்லைகள் வைத்திருந்தான்: கமெராவுடன் வரும் 18 முதல் 45 மில்லிமீற்றர் வரையிலான சாதாரண வில்லை ஒன்று; சூம் எதுவுமில்லாத 50 மில்லிமீற்றர் வில்லை மற்றொன்று.

ஒரு மாதம் இரண்டும் ஒரே மேசையிற் கிடந்தன. "அண்ணை, போகேக்கை ஒண்டை விட்டிட்டுப் போறன். எது வேணுமெண்டு நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்றான் தம்பி. சின்னதைத் தன் பயணப்பையில் வைத்துக்கொள்ள அவனுக்கும் ஆசை.

நான் கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிப்பவன். இத்தகைய கேள்வி வந்தால் கையிற் கடதாசியை எடுக்காமல் இருக்க முடியாது. கடைக்காரர் பிக்சற் கணக்குச் சொல்வர். சின்னதற்கு 20 மெகாபிக்சல், பெரியதற்கு 24. இந்த வேறுபாடு ஒன்றுக்கும் உதவாது. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, உணரியின் பரப்பு. சின்னதன் உணரி ஏறத்தாழ 6.2 க்கு 4.6 மில்லிமீற்றர், ஒரு உளுந்தை விடச் சற்றுப் பெரிது. பெரியதன் உணரி 22.3 க்கு 14.9 மில்லிமீற்றர். பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு. மற்றையது, ஒளி புகும் வாசலின் விட்டம். குவியத்தூரத்தைத் துவார எண்ணாற் பிரித்தால் அந்த விட்டம் கிடைக்கும். ஒரு பொருளிலிருந்து புறப்படும் ஒளியில் எவ்வளவை ஒரு கமெரா அள்ளிக்கொள்ளும் என்பதை இந்த வாசலே தீர்மானிக்கின்றது. முற்றத்தில் மழைநீர் ஏந்த வைத்த பாத்திரங்களின் வாயைப் போன்றது அது.

இனிக் கணக்கைப் பாருங்கள். அகலக் காட்சியிற் சின்னதன் குவியத்தூரம் 4.3, துவார எண் 3.3, வாசல் 1.3 மில்லிமீற்றர். பெரியதன் சாதாரண வில்லை 18 இல் 4.5, வாசல் 4 மில்லிமீற்றர். விட்டத்தில் மூன்று மடங்கு, பரப்பில் ஒன்பது மடங்கு. வீட்டினுள்ளே பெரியதே வெல்லும் என்பது எழுதாமலே தெரிகின்றது. ஆனால் இரண்டையும் முழுவதும் நீட்டிப் பாருங்கள். சின்னது 172 மில்லிமீற்றரில் 6.9, வாசல் 25 மில்லிமீற்றர். பெரியதன் சாதாரண வில்லை 45 இல் 6.3, வாசல் 7 மில்லிமீற்றரே. இங்கே சின்னது பன்னிரண்டு மடங்கு ஒளியை அள்ளுகின்றது! சின்ன உணரி இழிந்தது, பெரிய உணரி உயர்ந்தது என்று எல்லோரும் கூறுவதைக் கேட்டிருந்த எனக்கு இந்த விடை வியப்பளித்தது. மகளுக்குக் காட்டினேன். "நான் முதலே சொன்னனான்தானே அப்பா" என்றாள். கணக்கு எதுவும் அவள் போட்டதில்லை.

பண்ணைப் பாலத்து வீதியில் இதனைச் சோதித்தோம். விடிந்து சற்று நேரம், வெயில் ஏறவில்லை. மண்டைதீவுப் பக்கத்து ஆழமற்ற நீரில், வெகு தொலைவில், வெள்ளைக் கோடொன்று தெரிந்தது. தம்பி தன் கமெராவால் எடுத்தான். அழகான படம்: வானம், நீர், மீன்பிடிக் களங்கட்டித் தடிகள், நடுவே சில வெண்புள்ளிகள். மகள் துவக்கை மதகுச் சுவரில் ஊன்றி, மூச்சை அடக்கி எடுத்தாள். வெண்புள்ளிகள் பூநாரைகளாயின. வளைந்த அலகின் கருமுனை தெரிந்தது. ஒற்றைக்காலில் நின்ற ஒன்றின் முழங்கால் தெரிந்தது. துரோணர் கேட்டபோது அருச்சுனன் மரத்தைக் காணவில்லை, கிளையைக் காணவில்லை, பறவையின் கண்ணையே கண்டான் அன்றோ? அந்தக் கமெரா அப்படிப்பட்டது. முழுவதும் நீட்டினால் அதன் பார்வை ஏறக்குறைய 2 பாகை அகலமே. முழுமதி வானத்தில் அரைப் பாகை கொள்ளும். ஆகவே மதியின் படத்தில் அது சட்டத்தின் அகலத்திற் காற்பங்கை நிரப்பிவிடுகின்றது. தம்பியின் கமெராவில் மதி ஒரு குண்டூசித்தலை.

தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. "அதுக்கெண்டு பெரிய வில்லை இருக்குது அண்ணை" என்றான். இருக்கத்தான் செய்கிறது. 100 முதல் 400 வரையிலான வில்லையொன்றை வாங்கி இதிற் பூட்டினால் 640 மில்லிமீற்றர் வரை எட்டும்; வில்லை மட்டும் 635 கிராம்; விலையோ கமெராவின் விலையை விஞ்சும். பூட்டினால் நம் துவக்கின் படத்தைவிடத் தெளிவாக எடுக்கும் என்பதில் ஐயமில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒருத்தி அதனைத் துவிச்சக்கரவண்டிக் கூடையிற் போட்டுக்கொண்டு போவாளா என்பதே என் கேள்வி.

சின்னதன் குறைகளையும் மறைக்கக்கூடாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை அதற்கு இல்லை. வெயில் ஏறியதும் பின்திரையில் எதுவும் தெரியவில்லை. மகள் தன் பாடசாலைத் தொப்பியாற் குடைபிடித்துக்கொண்டு பறவையைத் தேடினாள். தம்பி தன் மின்துளையிற் கண்ணை வைத்துச் சுகமாக நின்றான். பத்து மணிக்குமேல் நீரின்மீது காற்றுத் தகித்து அலைந்தது. 40 மடங்கு சூம் அந்த அலைவையும் 40 மடங்கு ஆக்கிக் காட்டிற்று. எந்தக் கமெராவாலும் அதற்கு மருந்தில்லை. வீடு திரும்பினோம்.

பறவை வழக்கு இவ்வாறு தீர்ந்தது. தீராதது அம்மாவின் வழக்கு.

அம்மாவுக்கு எண்பது வயதாகின்றது. அவருடைய நல்ல படமொன்று எங்களிடம் இல்லை என்பதைச் சுவரிலிருந்த மீசை நாள்தோறும் நினைவூட்டிற்று. எடுக்காமல் இல்லை, கைத்தொலைபேசியில் நூறு இருக்கும். ஆனால் படம் என்றதும் அம்மா நிமிர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்து, கண்ணை விரித்து, அடையாள அட்டைக்கு இருப்பது போல இருந்துவிடுவார். அது அம்மாவன்று.

துவக்கால் ஒரு முறை வென்றோம். அம்மா கிணற்றடியில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கையில், மாமரத்தடியிலிருந்து மகள் எடுத்துவிட்டாள். நல்ல வெயில், நல்ல படம், உண்மையான சிரிப்பு. அம்மாவிடம் காட்டினோம். பார்த்தார். "வடிவாத்தான் இருக்குது. ஆனா கேளாமல் எடுக்கிறது களவு மோனை" என்றார். அதன்பின் அப்படி எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

அம்மாவின் முகம் தானாகவே அமைதி கொள்ளும் வேளை ஒன்று உண்டு. மாலையிற் சுவாமியறையில் விளக்கேற்றி, கைகூப்பி, உதடு மட்டும் அசைய அவர் நிற்கும் வேளை. "அப்ப எடுக்கலாமோ?" என்று கேட்டேன். "எடுங்கோவன், நான் திரும்பிப் பாரன்" என்றார்.

முதல் மாலை துவக்கால் எடுத்தேன். குத்துவிளக்கின் ஒளியும் யன்னலின் மங்கலும் அந்த 1.3 மில்லிமீற்றர் வாசலுக்குப் போதவில்லை. கணினித் திரையிற் பெரிதாக்கிப் பார்த்தபோது திடுக்கிட்டேன். அம்மாவின் கன்னம் மெழுகாக இருந்தது. எண்பது ஆண்டுச் சுருக்கங்களில் ஒன்றுகூட இல்லை. நெற்றித் திருநீற்றுக் குறிகள் மூன்றும் ஒன்றாய் இழுபட்டிருந்தன. ஒளி குறைந்தபோது உணரியிற் புள்ளிகள் முளைக்கின்றன. கமெராவினுள் இருக்கும் சிறு கணினி அப்புள்ளிகளைத் துடைக்கப் புகுந்து முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றது. துடைத்த இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்புகின்றது. அன்றைய ஸ்ரூடியோப் படவரைஞர் இந்தப் பெட்டிக்குள்ளும் தூரிகையுடன் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மாலை தம்பியின் கமெராவில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டினேன். அதன் துவார எண் 1.8, வாசல் 28 மில்லிமீற்றர். முதல் நாலைந்து படங்கள் வீணாயின. இவ்வளவு அகன்ற வாசலில் தெளிவு சில விரற்கடைத் தூரமே நிற்கும். விளக்கின் திரி தெளிவாக இருந்தது, அம்மா பனிமூட்டத்தில் இருந்தார். பிறகு கண்ணைத் தேடிக் குவியும் வசதியைத் தம்பி காட்டித் தந்தான். ஆறாவது படத்தில் அம்மா வந்தார். இமை மயிர் ஒவ்வொன்றும் வந்தது. இடக்கன்னத்து மச்சம் வந்தது. அடுப்புச் சுடர் தெறித்துச் சிறு வயதில் உண்டான தழும்பு, நாங்களே மறந்துபோனது, புருவத்தின் ஓரத்தில் வந்தது. காது மட்டும் மங்கல், அதனைப் பொருட்படுத்தவில்லை. 

பட்டணத்திற் கொடுத்து, விறாந்தைச் சுவருக்கு ஏற்ற அளவில் அச்சிட்டு வந்தோம். பெருப்பித்தும் முகம் கரையவில்லை.

ஆகவே பெரியதை வைத்துக்கொண்டேன் என்று வாசகர் நினைக்கலாம். தம்பி புறப்படுவதற்கு முதல்நாள் இரவு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேசையிலிருந்த துவக்கை எடுத்துத் துணியால் துடைத்து, உறையிலிட்டு, சித்தப்பாவின் பையருகே மகள் தானே வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவளுடைய பறவைக் கொப்பி அதனருகே திறந்து கிடந்தது. அறுபத்துமூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நாளும் இடமும். ஐம்பது மில்லிமீற்றர் வில்லையால் அறுபத்துநான்காவது பெயரை அவள் எவ்வாறு எழுதுவாள்? அம்மாவின் படமோ எடுத்தாயிற்று. இன்னொன்று வேண்டுமென்றால் தம்பி அடுத்த பொங்கலுக்கும் வருவான். அம்மாவும் இருப்பார் என்று நம்புகிறேன். நம்பிக்கையின்மேல் முடிவெடுப்பது பௌதிகவியலாகாது. ஆயினும் அவ்வாறே எடுத்தேன். உறையைத் திரும்ப எடுத்து மகளிடம் கொடுத்தேன். தம்பி பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனான்.

அவன் போனபின் அம்மாவின் படத்தை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டையும் நெடுநேரம் பார்த்தார்.

"மோனை, அந்த மீசையை அழிக்கேலாதே?"

அழிக்கலாம் என்று மகள் சொன்னாள். இப்பொழுது கணினியில் அது ஒரு நிமிட வேலை. அழித்தபின் அங்கே என்ன வரைவது என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவின் மேலுதடு எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவில்லை.

அம்மா சற்று யோசித்தார்.

"மெல்லிசு" என்றார். "சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் மேலை போகும்."