பினாங்குப் பயணம் – 2: துரியானும் இரண்டு பாட்டிலும்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் என்னோடு இறங்கிய திருச்சிக்காரர், பாலிக் புலாவில் இருக்கும் மச்சானுக்காக விஸ்கி வாங்கி வந்திருந்தார். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. புறப்பட்ட இடத்து டூட்டி ஃப்ரீ கடையில், "ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி கிடையாது சார்" என்று சொல்லித்தான் விற்றார்களாம். அது இந்தியாவுக்குள் வருபவருக்கான அளவு. மலேசியாவுக்குள் வருபவருக்கு விஸ்கி, ஒயின், பீர் எல்லாம் சேர்த்தே ஒரு லிட்டர்தான். சுங்க அதிகாரி குரலை உயர்த்தவில்லை. இரண்டாவது பாட்டிலுக்கு வரி போட்டு ரசீதை நீட்டினார்.

எனக்குக் கோபம் அந்தக் கடை மேல்தான். போர்டிங் பாஸைப் பார்த்துத்தானே பில் போடுகிறார்கள்? போகிற ஊரின் அளவு என்ன என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விற்றால் போதும் என்று இருப்பது வியாபாரமே இல்லை.

இத்தனைக்கும் இந்தத் தீவு வரியில்லாத் துறைமுகமாகப் பிறந்த ஊர். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் அப்படித்தான் தொடங்கினார். கப்பல் சரக்குக்கு வரி இல்லை. அரசாங்கச் செலவுக்குப் பணம் வேண்டுமே! சாராயம், அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுச் சம்பாதித்தார்கள். தலைநகர் ஜார்ஜ் டவுனின் அந்தத் தகுதி 1969-இல் போயிற்று. 1987 முதல் வடக்கே லங்காவிதான் வரியில்லாத் தீவு.

மச்சான் காரோடு வந்திருந்தார். முன்பின் தெரியாத என்னையும், "ஏறுங்க சார், ஒரே வழிதானே" என்று ஏற்றிக்கொண்டார். தெலுக் கும்பார் தாண்டி மலைச்சாலை ஏறி இறங்கியதும் துரியான் வாசனை. ஓரமாக ஒரு தமிழ் அக்காவின் கடை. "கசப்பா, இனிப்பா?" என்று கேட்டு, பழத்தைத் தட்டிப் பார்த்து, முள் ஓட்டின் இடுக்கில் கத்தியைச் செருகி ஒரு திருகு. உள்ளே மஞ்சள் வெண்ணெயாகச் சுளைகள். கசப்பு ரகத்தை வாயில் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் மூவரின் கையும் பழத்தைவிட்டு நகரவில்லை.

திருச்சிக்காரர் மெல்லப் பையைத் திறந்தார். அக்கா பார்த்துவிட்டார். "அண்ணே, அதை உள்ள வைங்க. துரியான் சாப்பிட்டுட்டு அதைத் தொடக்கூடாது. என் கடையில வேணாம்." ஊர் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. துரியான் சாறு, உடம்பில் மதுவின் நஞ்சை முறிக்கும் நொதியைத் தடுக்கிறது என்று ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் எழுதியிருக்கிறார்கள். அக்கா காலி ஓட்டில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். அதைக் குடித்தால் சூடு தணியுமாம். குடித்தோம். சுத்தமான கடை, கை கழுவ சோப்பு, துடைக்கக் காகிதம், ஈ இல்லை. நம் ஊர்ப் பழக்கடைகளும் இப்படி இருக்கக்கூடாதா?

திருச்சிக்காரர் அடுத்து சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். பிரிக்காத பாட்டிலை அங்கே கொண்டுபோகலாமா என்று கேட்டார். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழைபவருக்கு மதுவில் சலுகையே கிடையாது. முதல் சொட்டுக்கே வரி. சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம். இரண்டும் மச்சான் வீட்டு அலமாரிக்கே போயின.

பாலிக் புலாவ் லக்சா நூடுல்ஸையும் சாப்பிட்டேன். புளிப்பு நன்று, வேறு சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஜாதிக்காய்ப் பானகம் ஒரு பாட்டில் வாங்கினேன். மது இல்லாவிட்டாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் ஏறாது. துண்டில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன்.